கொளுக்கி இல்லாத தூண்டில்

யோகலிங்கத்துக்குப் ‘பொக்கற்றுக்கை’ என்று பட்டம் வைத்தவன் நான்தான். எங்கள் ஆட்களுக்குப் பட்டம் வைக்காமல் ஒருவரோடு பழகத் தெரியாது. ஒஸ்லோவில் பாதிப் பேருக்கு நான் வைத்த பட்டம்தான் இன்றைக்கும் நின்று பிடிக்கிறது. அவனுடைய வலதுகை எந்நேரமும் ஜக்கெற் பொக்கற்றுக்குள் இருக்கும். ஆடி மாத வெயிலிலும் அப்படித்தான். கோயிலில் ஐயர் விபூதி தரும்போது இடதுகையை நீட்டி, பின்னால் நிற்கிற கிழவிகளிடம் ஏச்சு வாங்குவான். கையில் ஊனம் ஒன்றும் இல்லை. வேலையில் அதே கையால்தான் கோப்பை கழுவினான். வெளியில் வந்தவுடன் அது பொக்கற்றுக்குள் போய்விடும். நான் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போடவேண்டும் போலிருக்கிறது.

அவன் உரும்பிராய்த் தோட்டக்காரரின் பிள்ளை. கிணற்றடி தெரியும், கடல் தெரியாது, நீந்தத் தெரியாது. எண்பத்தேழில் நோர்வேக்கு வந்து அகதி வழக்குப் பதிந்தான். அடுத்த வருஷம் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் பதனிடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே அருட்செல்வம் என்ற கொக்குவில் பெடியனோடு ஒரே அறையில் இருந்தான். எண்பத்தொன்பதாம் ஆண்டு அருட்செல்வம் கடலில் விழுந்து செத்துப்போனான். எப்படி விழுந்தான் என்பதை யாரும் காணவில்லை என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு யோகலிங்கம் ஒஸ்லோவுக்கு வந்து, முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை எடுத்து, சிறிதேவியைக் கலியாணம் கட்டி, வெஸ்ட்லியில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தான். மீன் தின்னமாட்டான். நாங்கள் அவனைச் சைவப்பழம் என்று நினைத்துக்கொண்டோம்.

அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் உதயகுமாரி இருந்தாள். செத்துப்போன அருட்செல்வத்தின் தங்கச்சி. தொண்ணூற்றேழில் கலியாணமாகி இங்கே வந்தவள், சிறுவர் பாடசாலையில் வேலை. தாய் ஊரில் செத்த பிறகு தமையனின் திவசத்தை அவள்தான் செய்தாள். ஐப்பசித் தேய்பிறைத் திரிதியை. ஒரு வருஷமும் தப்பாது. தமையனுக்குப் படைத்துவிட்டு முதல் இலையை யோகலிங்கத்துக்குத்தான் போடுவாள். அண்ணனோடு ஒரே அறையில் படுத்தவர், அண்ணனின் கடைசிச் சிநேகிதர், அவர் சாப்பிட்டால் அண்ணன் சாப்பிட்ட மாதிரி என்று சொல்லுவாள். அவனையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு வருவான். வந்து இரண்டு நாள் வயிற்றுக்குத்து என்று படுப்பான் என்று சிறிதேவி பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

ஒருமுறை நானும் அந்தச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். பாயசம் குடிக்கும்போது உதயகுமாரி தன் கனவைச் சொன்னாள். அண்ணா வாசலில் வந்து நின்று பசிக்குது என்கிறாராம். உள்ளே வாங்கோ, படைச்சு வைச்சிருக்கிறன் என்றால், “நான் வந்த நேரம் நீங்கள் ஒண்டும் வைக்கேல்லையே” என்று சொல்லிவிட்டுப் போகிறாராம். வருஷா வருஷம் இதே கனவு. என்ன குறை வைத்தேன் அண்ணா என்று அவள் யோகலிங்கத்தைக் கேட்டாள். அவன் எழும்பிக் கைகழுவப் போய்விட்டான். பாயசம் மிச்சம் கிடந்தது.

இனி மீன்பிடிக்கு வருகிறேன். அந்தக் கூத்தைத் தொடக்கியவனும் நான்தான். கனடாவிலிருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து மஸ்கி மஸ்கி என்று உயிரை வாங்குவான். ஆள் நீளத்துக்கு வளருகிற ஆற்றுமீனாம், ஆயிரம் தரம் வீசினால் ஒருதரம் கடிக்குமாம், அவன் கரையில் நின்றே ஒன்று பிடித்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அஞ்சல் பிரிக்கிற இடத்தில் என்னோடு இரவு வேலை செய்கிற ரூனேயிடம் கேட்டேன். அந்த மீன் நோர்வேயில் இல்லை, ஆனால் அதன் தம்பி இருக்கிறது, யெட்டெ என்று பெயர், உன் வீட்டுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோம் ஆற்றிலேயே கிடக்கிறது என்றான். படம் காட்டினான். எங்கள் சீலா மீனுக்குத் தாரா வாத்தின் வாயை ஒட்டிவிட்ட மாதிரி ஒரு சாமான், வாய் நிறையப் பல்லு.

அது இரண்டாயிரத்தெட்டு சித்திரை. யோகலிங்கம் அப்போது நித்திரை இல்லாமல் மெலிந்து, டொக்டர் சிக்மெல்டிங் என்ற சுகயீன விடுப்பு எழுதி வீட்டில் நிற்பாட்டியிருந்தார். வெளியில் போய் நட என்று சொல்லியிருந்தாராம். நடக்கிறவன் தூண்டிலோடு நடந்தால் என்ன என்று நான் அவனைப் பிடித்து இழுத்தேன். தண்ணியடிக்கு வரமாட்டேன் என்றான். விசர்க்கதை கதையாதே என்று ஏசினேன். நான் ஏசத் தொடங்கினால் ஆட்கள் வந்துதான் தீருவார்கள். அவனும் வந்தான்.

ரூனே சொல்லித்தந்ததை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கட்டையான பலத்த தடி, மொத்தமான நைலோன் தங்கூசி, நுனியில் சாணளவு கம்பி. கம்பி இல்லாவிட்டால் பல்லால் அறுத்துவிடும். உள்ளங்கை நீளத்தில் ஒரு பொய்மீன், அதன் வயிற்றிலும் வாலிலும் மூன்று முள்ளுக் கொளுக்கி. கொளுக்கி கழற்ற நீளக்குறடு. கரையில் நிற்கிறவன் ஒரே இடத்தில் தவம் கிடக்கக்கூடாது, பத்து வீச்சு வீசிவிட்டு நடக்கவேண்டும். நாணல் முடிகிற விளிம்பில்தான் அது அசையாமல் கிடக்கும். எல்லாவற்றிலும் முக்கியம், பொய்மீன் காலடிக்கு வந்ததும் சட்டென்று தூக்கக்கூடாது. யெட்டெ பின்னாலேயே ஓசைப்படாமல் வரும். கடிக்காமல் கரைவரைக்கும் வந்து நின்று பார்க்கும். அப்போது தடி நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு வரைந்தால் சிலவேளை கடிக்கும்.

கோடை முழுக்க இரண்டு பேரும் வீசினோம். எனக்கு ஒரு முழ நீளத்தில் இரண்டு கிடைத்தன. முள்ளோ முள்ளு, ஆனால் புளி விட்டு வைத்தால் குழம்பு திறம். யோகலிங்கத்துக்கு ஒன்றும் இல்லை. தண்ணீரிலிருந்து நாலடி பின்னுக்கு நின்றுதான் வீசுவான், அவன் காலடிக்கு எந்த மீன் வரும்?

புரட்டாதி தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. பாலத்துக்குக் கீழே ஒரு கல்லில் அவனை முன்னுக்குப் போய் நிற்கச் சொல்லித் தள்ளாத குறையாக நிற்பாட்டினேன். மூன்றாவது வீச்சு. பொய்மீன் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் அடியிலிருந்து ஒரு நீளக் கறுப்பு எழும்பி வந்தது. ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். காலடிக்கு வந்து, தலையை மேலே சரித்து, அசையாமல் நின்றது. கண் இரண்டும் அவனையே பார்த்தன. நான் பின்னால் நின்று எட்டுப்போடு எட்டுப்போடு என்று கத்துகிறேன். அவன் தடியைப் போட்டுவிட்டு, வலதுகையைப் பொக்கற்றுக்குள் திணித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து புல்லில் விழுந்தான். மீன் மெல்ல மெல்லப் பின்வாங்கி இருட்டுக்குள் இறங்கியது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். கைக்கெட்டினது வாய்க்கெட்டவில்லை என்றேன். அந்தச் சொல்லுக்கு அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

இனி வரமாட்டான் என்று நினைத்தேன். மறுநாளே தனியாகப் போயிருக்கிறான். அதற்கடுத்த நாளும் போயிருக்கிறான். வெஸ்ட்லியிலிருந்து மெட்ரோ எடுத்து, ரயில் மாறி, லில்லெஸ்ட்ரோமில் இறங்கி, என் வீட்டைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போகவேண்டும். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு சிறிதேவி போன் எடுத்தாள். ஒவ்வொரு நாளும் தடியோடு போகிறார், ஒரு செதில்கூட வீட்டுக்கு வரவில்லை, நித்திரையில் யாரையோ போ போ என்கிறார், நீங்கள்தானே பழக்கிவிட்டது என்று அழுதாள். எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு ஒக்டோபர் பதினாலு, செவ்வாய்க்கிழமை. பின்னேரம் நாலரை மணிபோல ஆற்றுக்குப் போனேன்.

அதே கல்லில் நின்றான். பத்து வீச்சுக்கு ஒருக்கால் நடக்கவேண்டியவன், வேர் விட்ட மாதிரி அங்கேயே நின்றான். வீசினான், சுற்றினான், பொய்மீன் காலடிக்கு வந்ததும் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தான். பிறகு திரும்பவும் வீசினான். நான் போய்த் தங்கூசியைப் பிடித்து இழுத்துப் பொய்மீனைக் கையில் எடுத்தேன். அதில் கொளுக்கி இல்லை. வயிற்றிலும் இல்லை, வாலிலும் இல்லை. குறடால் நறுக்கின அடையாளம் மட்டும் இருந்தது.

“கொளுக்கி இல்லாமல் என்னடா மீன் பிடிக்கிறாய்?” என்று கேட்டேன்.

“பிடிக்க இல்லை, குலம். வரட்டும் எண்டுதான்.”

“எது வரட்டும்?”

அவன் தண்ணீரைக் காட்டினான். “அவன் இப்பிடித்தான் வந்தவன். காலடிக்கு. இப்பிடித்தான் பாத்தவன்.”

 அவனைக் கல்லிலிருந்து இறக்கிப் புல்லில் இருத்தினேன். போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியைக் கொடுத்தேன். குடிக்காமலே சொன்னான். பத்தொன்பது வருஷமாகச் சொல்லாததை அரை மணித்தியாலத்தில் சொல்லி முடித்தான்.

எண்பத்தொன்பதில் அதே ஒக்டோபர் பதினாலு ஒரு சனிக்கிழமையாம். வேலை இல்லை. இரண்டு பேரும் சோற்றை வடித்து வைத்துவிட்டு, கறிக்கு மீன் பிடிப்போம் என்று ஊருக்கு வெளியே பாறையடிக்குப் போயிருக்கிறார்கள். பின்னேரம் நாலரை, ஐந்து மணி, நிலவு கிளம்பிவிட்டது, பூரண நிலவு. அருட்செல்வம் கைத்தூண்டில் போட்டான். எங்கள் பக்கத்துப் பழக்கத்தில் தங்கூசியைக் கையில் மூன்று நாலு சுற்றுச் சுற்றியிருந்தான். பெரிய மீனொன்று கொளுவி இழுத்தது. பாறையில் பாசி. சறுக்கி விழுந்தான். ஒருதரம் தண்ணீருக்குள் அமிழ்ந்தான். பிறகு யோகலிங்கத்தின் காலடியிலேயே எழும்பினான். தங்கூசி சுற்றின கை கீழே இழுபட, மற்றக் கையை மேலே நீட்டினான். கண் திறந்திருந்தது.

“எட்டுற தூரம், குலம். குனிஞ்சு கையைக் குடுத்திருந்தால் பிடிச்சிருப்பான். குளிருக்குப் பொக்கற்றுக்கை வைச்ச கை. நான் எடுக்கேல்லை. பிடிச்சால் என்னையும் இழுத்துப்போடுவான் எண்டு நினைச்சனான். நினைச்சுக்கொண்டு நிண்டனான்.”

அதற்குப் பிறகு அறைக்கு ஓடிப்போய்ப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெடியன். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றவனை என்ன செய்வார்கள் என்று அவனுக்கு ஊரில் தெரிந்த பாடம்தான் இங்கேயும் தெரியும். அகதி வழக்கு வேறு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை உடம்பு கரை ஒதுங்கியதும் பொலிஸ் வந்து கேட்டது. வெள்ளிக்கிழமை இரவுக்குப் பிறகு அவனைக் காணவில்லை, நான் அவனோடு போகவில்லை என்று சொன்னான். எப்போது செத்தான் என்று சொல்ல ஆளில்லை. ஊருக்குத் தந்தி அடிக்கச் சொன்னபோது, உடம்பு எடுத்த செவ்வாய்க்கிழமையையே செத்த நாளாக அடித்தான். சனிக்கிழமை என்று அடித்தால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே. ஊரில் ஐயர் அந்தத் திகதிக்குப் பஞ்சாங்கம் பார்த்து ஐப்பசித் தேய்பிறைத் திரிதியை என்று எழுதிக் கொடுத்தார். உண்மையில் அவன் செத்தது புரட்டாதிப் பூரணையில். திதியும் பிழை, மாதமும் பிழை.

வெளியாட்களுக்கு இது சின்ன விஷயம். எங்களுக்கு அப்படியில்லை. செத்தவர் வருஷத்தில் ஒருநாள், தன் திதியில், சாப்பாட்டுக்கு வருகிறார். அன்றைக்கு அடுப்பு மூட்டாத வீட்டு வாசலில் நின்றுவிட்டுப் போகிறார். மூன்று நாள் கழித்து இலை போடுகிறார்கள், அதில் சாப்பிடுகிறவன் யோகலிங்கம். உதயகுமாரியின் கனவு எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஆவி பேய் நம்புகிற ஆளில்லை. ஆனாலும் அந்த ஆற்றங்கரையில் திரும்பித் தண்ணீரைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

“பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் திகதியும் திதியும் ஒண்டாய் வருது” என்றான். “இண்டைக்குப் புரட்டாதிப் பூரணை. பிந்தினால் அவன் திரும்பப் பசியோடை போயிடுவான். சொன்னால் அவ என்னை அண்ணா எண்டு கூப்பிடமாட்டா. எனக்கு இஞ்சை அவவை விட்டால் ஆர் அப்பிடிக் கூப்பிட இருக்கினம்?”

எனக்கு முதலில் அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. பிறகு, அந்தப் பாறையில் நான் நின்றிருந்தால் கையை எடுத்திருப்பேனா என்று யோசித்தேன். யோசிக்கப் பிடிக்கவில்லை. எழும்பு, இண்டைக்கே சொல்லு, நானும் வாறன் என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தடியை நான் தூக்கினேன்.  வெஸ்ட்லியில் இறங்கும்போது மாடிவீடுகளுக்கு மேலே நிலவு வந்திருந்தது.

உதயகுமாரி வேலையால் வந்து, வெள்ளிக்கிழமைத் திவசத்துக்கு வாங்கிய மரக்கறியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். வாழையிலைச் சுருளொன்று மேசையில் கிடந்தது. வாங்கோ அண்ணா, இதென்ன தூண்டிலோடை என்று சிரித்தாள். புருஷன் வேலையில். சுவரில் அருட்செல்வத்தின் படம், தொழிற்சாலை வாசலில் கம்பளித் தொப்பியோடு நின்று எடுத்தது. யோகலிங்கம் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஆற்றடியில் எனக்குச் சொன்னதைவிட ஒரு சொல்லும் குறைக்கவில்லை, ஒரு சாட்டும் சேர்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்கு அவனை நான் மதிக்கிறேன்.

அவள் கத்துவாள், தூற்றுவாள் என்று நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கத்தவில்லை. சுவரில் தொங்கின தமிழ் நாட்காட்டிக்குக் கிட்டப் போய் அன்றைய தாளைப் பார்த்தாள். பூரணை என்று இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

“அண்டைக்கு அண்ணா சாப்பிட்டவரோ?”

“இல்லை. மீன் பிடிச்சுக்கொண்டு வந்து சாப்பிடுவம் எண்டு போனனாங்கள். சோறு மட்டும் வடிச்சு வைச்சிருந்தனாங்கள்.”

“அந்தச் சோறு?”

 என்னிடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை.

“அடுத்தநாள் எனக்குப் பசிச்சுது” என்றான். “நான் சாப்பிட்டனான். அவன்ரையையும்.”

அவள் கதிரையில் இருந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாங்கள் இரண்டு எருமைகளும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். பிறகு எழும்பி முகத்தைக் கழுவினாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். வெள்ளிக்கிழமைக்கு வைத்த கத்தரிக்காயை வெட்டினாள், பருப்பை அவித்தாள், வாழைக்காயைப் பொரித்தாள். ஒரு மணித்தியாலம் அந்த வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். யோகலிங்கத்தை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றி ஒரு இலையை விரித்தாள். முன்பென்றால் அதற்குப் பக்கத்தில் யோகலிங்கத்துக்கு இன்னொரு இலை போட எடுத்து வைப்பாள். அன்றைக்கு ஒரு இலைதான். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அவனுக்கு முன்னால் வைத்தாள். அண்ணா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. இன்றுவரை வரவும் இல்லை.

“எந்தக் கை?” என்று கேட்டாள்.

அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு விளங்கியது. பொக்கற்றுக்குள்ளிருந்து வலதுகையை எடுத்தான்.  அவள் அகப்பையை அந்தக் கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடிக்கச் செய்தாள்.

“இந்தக் கையாலை போடுங்கோ.”

அவன் முழங்கால் மடித்து இருந்து ஒரு அகப்பை சோறு அள்ளி இலையில் போட்டான். நாலு பருக்கை நிலத்தில் சிந்தியது. போதுமா என்று கேட்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தான்.

“நிறையப் போடுங்கோ” என்றாள். “ரெண்டு பேரின்ரை சோறு.”